அம்பு ஒட்டிய தேர்தல்

எங்கள் ஹாஸ்டல் தேர்தலில் நான் ஜெயித்தேன். ஏதோ தட்டுத்தடுமாறி ஜெயித்தேன் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்து நின்றவள் இருந்த இடம் தெரியாமல் போகிற அளவுக்கு ஜெயித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

நாங்கள் வேலை பார்ப்பது சட்டை தைக்கிற கம்பெனியில். இங்கே தைக்கிற சட்டை ஒன்றைக்கூட இந்த ஊர்க் கடைகளில் பார்க்க முடியாது, எல்லாம் கப்பலேறிப் போய்விடும். நான் செக்கிங் பிரிவில் லீடர். தைத்து வருகிற சட்டையைக் குழல்விளக்கின் கீழே விரித்துப் போட்டு காலரிலிருந்து அடிமடிப்பு வரை பார்ப்பேன். தையல் விட்டிருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ, பட்டன் ஓட்டை தள்ளிப் போயிருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவளுக்கே திருப்பி அனுப்புவேன். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும், வால் வெளியே நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். தைக்கிறவள், இஸ்திரி போடுகிறவள், மடித்துப் பெட்டியில் வைக்கிறவள் யாராக இருந்தாலும் சரி, சிவப்பு அம்பைப் பார்த்தால் 'இது வேண்டாம்' என்றுதான் படிப்பாள்.

கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்குவதால் எனக்கு டேப் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அந்த அக்காவை வெட்டிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கறாராக இருக்கிறவளை யார் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்?

ஹாஸ்டல், கம்பெனிக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் வெளியூர்க்காரிகள். ஒருத்தி ஊருக்குப் போக ஒரு ராத்திரி ரயில் போதும், இன்னொருத்திக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். எங்கள் பெயரெல்லாம் அவரவர் ஊர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. பெயர் அங்கே, ஆள் இங்கே. அங்கே ஓட்டு நடக்கிற நாளில் இங்கே அவசர ஆர்டர் ஓடும். இங்கே ஓட்டு நடக்கிற நாளில் கட்சிக்காரர்கள் எங்கள் ஹாஸ்டல் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். ஓட்டில்லாத வீட்டுக்குக் கும்பிடு எதற்கு?

அந்த வாசலில்தான் என் வழக்கே இருக்கிறது. அது இரும்புக் கம்பிக் கதவு. பூட்டு வெளிப்பக்கம். சாவி வார்டன் அம்மாவின் இடுப்பில். ஷிப்ட் முடிந்து நாங்கள் உள்ளே போனதும் பூட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாகக் கடைக்குக் கூட்டிப் போய் வரிசையாகவே கூட்டி வருவார்.

என் தங்கையும் இதே கம்பெனியில் காலர் வைக்கிறவள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வார்டன் அம்மா பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் கம்பெனி வாட்ச்மேன் ஓடி வந்து பூட்டை ஆட்டிப் பார்த்தார். "கம்பெனி பூட்டும்மா, உடைச்சா எனக்கு வேலை போயிடும்" என்றார் பாவம், அவரும் அழாத குறையாக. வார்டன் அம்மா புதுப்புடவையோடு வந்து திறக்கும்போது வெளிச்சம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது என்றார்கள். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். அவள் பிழைத்தாள். ஆனால் இரண்டு முறை வயிற்றைத் திறந்து மூட வேண்டியிருந்தது.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "உங்க அப்பா அம்மா எங்களை நம்பித்தானேம்மா உங்களை அனுப்பியிருக்காங்க. பூட்டு உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

"பாதுகாப்புன்னா பூட்டு உள்பக்கம்தானே சார் இருக்கணும்?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார். அது உண்மைதான்.

அதோடு அந்தப் பேச்சு நின்றிருக்கும். ஆனால் எங்கள் சட்டையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு எங்கேயோ எதற்கோ கெட்ட பெயர் வந்திருக்கிறது. இனிமேல் ஹாஸ்டல் பெண்கள் ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தப் பிரதிநிதியைத் தங்கள் ஆள் நேரில் வந்து சந்திப்பார், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். மேனேஜர் மைக்கில் அறிவித்தார். யார் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். சாவிக்காகத்தான், வேறெதற்கும் இல்லை.

மேனேஜருக்கு என் கையைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனது. உடனே தையல் லைனிலிருந்து இன்னொருத்தியைக் கிளப்பி விட்டார். எங்கள் பாட்டுக்காரி. மிஷின் சத்தத்துக்கு மேல் பாடுகிறவள், யார் அழுதாலும் தோளில் கை போடுகிறவள். அவளை யாருக்கும் பிடிக்காமல் போகாது, எனக்கும் பிடிக்கும். டிவி கேட்பாள், வெந்நீர் கேட்பாள், அதற்கு மேல் தொந்தரவு தர மாட்டாள் என்பது மேனேஜர் கணக்கு.

ஓட்டு நாளன்று கேன்டீனில் எங்களை உட்கார வைத்துக் கம்பெனி நலத்துறை மேடம் பாடம் எடுத்தார். படித்து முடித்து நேராக இந்த வேலைக்கு வந்த சின்னப் பெண். நல்ல மனசு. தையல் ஃப்ளோருக்கு வந்தால் பஞ்சுத் தூசியில் தும்மலாகத் தும்முவார், அதனால் அதிகம் வர மாட்டார். சுவரில் ஒரு அட்டையை மாட்டி அரசாங்கம் என்றால் என்ன, பிரதிநிதி என்றால் யார், பெரும்பான்மை என்றால் எது என்று விளக்கினார்.

"அதிகாரம் எங்கேருந்து வருது? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

"மேல்மாடியிலேருந்து மேடம்" என்றாள் பேக்கிங் பிரிவு அக்கா. ஆபீஸ் மேல்மாடியில்தான் இருக்கிறது.

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்துவிட்டு, "இல்லைங்க. அதிகாரம் உங்ககிட்டேருந்துதான் மேலே போகுது" என்றார்.

"போறப்போ நல்லாத்தான் மேடம் போகுது. இறங்கி வர்றப்போதான் அடையாளம் தெரியலை."

இந்தக் கூத்தில் நேரம் போனதே தெரியவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்பதை மேடம் கடைசியில் அவசர அவசரமாகச் சொன்னார். ஒரு தாளில் என் படமும் பாட்டுக்காரி படமும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு கட்டம். யார் வேண்டுமோ அவர் கட்டத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். முத்திரைக்கட்டையும் மைப்பெட்டியும் வாங்க மேனேஜருக்கு மனசு வரவில்லை. செக்கிங் பிரிவில்தான் ஸ்டிக்கர் மூட்டையாகக் கிடக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு தாளும் ஆளுக்கொரு சிவப்பு அம்பும் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் ஒட்டிவிட்டு வந்தோம்.

சாயங்காலம் எண்ணினார்கள். மேடம் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் படித்தார். "டேப் அக்கா. டேப் அக்கா. டேப் அக்கா." நடுநடுவே எப்போதாவது பாட்டுக்காரி. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் என்னைப் புரிந்து வைத்திருக்கிறார்களே, பாவம் பெண்கள், நான்தான் அவர்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று உருகிப்போனேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. கை தட்ட வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மேடம் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு தெளிவா ஒட்டியிருக்காங்க!"

கட்டம் காலியாக இருந்தது. அம்பு என் படத்தின் மேல் இருந்தது. முனை என் மூக்கைத் தொட்டுக்கொண்டு, வால் வெளியே நின்றுகொண்டு. நான் சொல்லிக் கொடுத்தது அச்சுப் பிசகவில்லை.

அடுத்த நொடி என் கை ஞாபகம் வந்தது. திரைக்குப் பின்னால் என் கையும் ஸ்டிக்கரை உரித்த வேகத்தில் பாட்டுக்காரியின் படத்துக்குத்தான் போயிருந்தது. வேண்டாதவள் மேல் அம்பு. யோசிக்கவே இல்லை. அவளுக்கு விழுந்த சொற்ப ஓட்டில் என் ஓட்டும் ஒன்று.

மேடத்துக்கு எதுவும் தெரியவில்லை. அம்பு யாரைக் காட்டுகிறதோ அவர்தான் வேண்டியவர் என்று ஆபீசில் இருக்கிறவர்கள் நினைப்பது நியாயம்தானே. மேனேஜர் கசாயம் குடித்த முகத்தோடு எனக்கு வாழ்த்துச் சொன்னார். பையர் அம்மா நாளை மறுநாள் வருகிறார், நீதான் பேச வேண்டும், குடிதண்ணீர் மிஷின் ஒன்று கேள், உடனே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார். சட்டையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆளாக வருகிற அந்த அம்மாவுக்கு நாங்கள் எல்லோரும் வைத்த பெயர் பையர் அம்மா.

ஹாஸ்டலுக்குள் போனதும் வார்டன் அம்மா பூட்டிவிட்டுப் போனார். கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பாட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் நீங்க வேணாம்னுதான் ஒட்டியிருக்காங்க."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா!"

"ஓட்டுப் போடறவ யாராவது மூக்கு மேல ஒட்டுவாளா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேக்கிங் அக்கா சிரிக்கவில்லை. "அப்ப மேனேஜர்கிட்ட போய் தப்பா ஒட்டிட்டோம், திருப்பி வைங்கன்னு சொல்லிடலாம்."

"சொல்லு. தாராளமா சொல்லு. ஒரு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாத கூட்டத்துக்கு எலெக்‌ஷன் ஒரு கேடான்னு கேப்பாரு. வார்டனையே நம்ம பிரதிநிதின்னு பையர் அம்மா முன்னால உக்கார வைப்பாரு. அவருக்கு அல்வா மாதிரி."

"அதுக்காக நீங்க எங்க ஆளாயிடுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்காகத்தானே நின்னேன்? இந்தக் கதவு திறக்கணும்னு உங்களுக்கு இல்லையா? நாளைக்கு உங்கள்ல ஒருத்தி சுருண்டு விழுந்தா?"

"கதவு திறக்கணும்னு எங்களுக்கும்தான் அக்கா ஆசை" என்றாள் பேக்கிங் அக்கா. "சாவி உங்க கைக்கு வந்தா என்ன ஆகும், அதையும் யோசிச்சோம். இப்பவே குளிக்கிற இடத்துல கதவைத் தட்டி நேரம் சொல்றீங்க. ராத்திரி யார் போன்ல பேசறா, யார் சிரிக்கிறான்னு எழுந்து வந்து பாக்கறீங்க. சாவி வந்தா மூச்சு விடறதுக்கும் உங்ககிட்ட அனுமதி கேக்கணும். வார்டனாவது கல்யாணத்துக்குப் போவாங்க, நீங்க எங்கயும் போக மாட்டீங்க."

இந்த முறை நிறைய பேர் சிரித்தார்கள். நான் தங்கையைத் தேடினேன். ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவள் ஒருத்தி பேசினால் போதும், இவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

"நீ சொல்லுடி. அன்னிக்கு இந்தக் கதவுக்குப் பின்னால நீ பட்டதைச் சொல்லு இவங்களுக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் உன் மேலதான்க்கா ஒட்டினேன்."

"எனக்குப் போடறதா நினைச்சுக் கை தவறிட்டியா?"

"இல்லை. வேணாம்னுதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து என்னை ஒரு வேலை செய்ய விடறியா? படி ஏறாதே, ஓடாதே, அவகூடப் பேசாதே, இதைத் தின்னாதே. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போற வரிசையிலகூட என் கையைப் பிடிச்சுக்கிட்டே வர்றே. வார்டன் போடறது ஒரு பூட்டுதான்க்கா. எனக்கு ரெண்டு."

நான் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதேன். யாருக்காக உயிரை விடுகிறேனோ அவளே வேண்டாம் என்று ஒட்டிவிட்டாள் என்றால் அழாமல் என்ன செய்வார்கள்? நன்றி கெட்டவள் என்று வாய்க்குள் திட்டினேன். செத்துக் கித்துத் தொலைந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றுகூட நினைத்துவிட்டு, நினைத்ததற்காக இன்னும் அழுதேன். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கோபம் போய்விடவில்லை. ஆனால் கோபத்தைவிட அந்தக் கதவு பெரிதாக இருந்தது.

"பையர் அம்மாகிட்ட ஒரே ஒரு தடவை போறேன்" என்றேன். "நான் பேசறதா நினைக்காதீங்க. என்ன பேசணும்னு நீங்க சொல்லுங்க. அதை அப்படியே சொல்லிட்டு வந்துடறேன்."

நம்பிக்கையில்லாமல்தான் பார்த்தார்கள். பாட்டுக்காரிதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரவர் ஒன்று சொன்னார்கள். டிவி வேண்டும் என்றாள் ஒருத்தி, அவளை மற்றவர்கள் அடக்கினார்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் அப்பா உடனே ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார் என்று ஒருத்தி பயந்தாள், அவளைச் சமாதானப்படுத்தவே வெகு நேரமாயிற்று. கடைசியில் மூன்று பேச்சு மிஞ்சியது. பூட்டு உள்பக்கம் இருக்கணும். சாவி உள்ளே இருக்கிறவங்ககிட்ட இருக்கணும். யார்கிட்டன்னு நாங்க முடிவு பண்ணுவோம்.

என்னை ஒப்பிக்க வைத்தார்கள். ஊரை உலுக்குகிற மாதிரி நான் ஆரம்பித்தால் பாட்டுக்காரி கையைக் காட்டி நிறுத்துவாள். "சத்தம் ஜாஸ்திக்கா, திருப்பிச் சொல்லுங்க." என் தங்கை கதையை நடுவில் நுழைத்தேன். "அது இதுல இல்லை" என்றாள் பேக்கிங் அக்கா. ஒரு வார்த்தை கூடினாலும் திருப்பி அனுப்பினார்கள். தைக்கிற பெண்களுக்கு என் மேஜை முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. அவர்கள் அதை ரசித்தார்கள், நன்றாகவே ரசித்தார்கள்.

பையர் அம்மா வந்தார். அம்மா என்று பெயர்தான், என்னைவிட வயது குறைவு. கான்வாஸ் ஷூ, தோளில் பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். மேல்மாடி ஆபீசில் மேனேஜர், நலத்துறை மேடம், நான். அவர் பேசுவதை மேடம் எங்களுக்குச் சொன்னார், நாங்கள் பேசுவதை அவருக்குச் சொன்னார்.

"இங்கே சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க."

வீட்டை விட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? "இருக்கோம்" என்றேன். மேனேஜர் தண்ணீர் மிஷினைப் பற்றி ஆரம்பிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

நான் முதல் இரண்டையும் சொன்னேன். சத்தத்தை அடக்கிக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. சத்தம் போடாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை. மேடம் சொல்லச் சொல்ல பையர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பூட்டு வெளிப்பக்கமா என்று மேனேஜரிடம் கேட்டார். பெற்றோர் நம்பிக்கை, பாதுகாப்பு என்று அவர் ஆரம்பித்தார். உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. அப்படி ஒரு படம் பேப்பரில் வந்தால் தங்கள் கடை ஒன்றில்கூட ஒரு சட்டை விற்காது என்றாராம்.

மேனேஜர் உடனே இறங்கி வந்தார். "இன்னிக்கே மாத்திடறோம்" என்றார். என் தங்கை வயிறு இரண்டு முறை திறந்து மூடியும் அசையாத பூட்டு, எங்கேயோ இருக்கிற கடையில் விற்காமல் போகிற சட்டைக்காக அசைந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அசைந்ததே, அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

"சாவி யார்கிட்டன்னு நாங்க முடிவு பண்ணுவோம்" என்று மூன்றாவதையும் சொன்னேன்.

"அதான் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டீங்களே" என்றார் மேனேஜர். "சாவி உன்கிட்டதான். பொறுப்பும் உன்னுது. ஒரு பொண்ணு ஓடிப் போயிட்டாலும் பெத்தவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீ. கையெழுத்துப் போடு."

பையர் அம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. ஓட்டு விவரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "இவ்வளவு பெரிய வெற்றியை எங்கேயும் பார்த்ததில்லையாம். உங்களை ரொம்ப நம்பறாங்கன்னு சொல்றாங்க" என்றார் மேடம் பூரிப்போடு.

"அவங்களுக்கு என்னைப் பத்தி நல்லாத் தெரியும்னு சொல்லுங்க" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

கம்பெனி மெக்கானிக் வந்து கதவின் கொக்கியைப் பிடுங்கி உள்பக்கம் பொருத்தினார். வார்டன் அம்மா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் போட்டு, "இனிமே நீயாச்சு, உன் கூட்டமாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சாவி கனமாக இருந்தது. ஷிப்ட் முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். புதுக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பதும், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதுமாக வாசலில் ஒரே நெரிசல்.

"என்ன கூட்டம் இங்கே? வாசல்ல நிக்காதீங்க. எல்லாரும் உள்ளே போங்க."

சட்டென்று எல்லோரும் அப்படியே நின்றார்கள். சொன்னது நான்தான். சாவி கைக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. யாரும் என்னைத் திட்டவில்லை. என் கையை மட்டும் பார்த்தார்கள்.

சாவியை நானே வைத்துக்கொண்டிருக்கலாம். யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கையெழுத்துப் போட்டது நான், சாவி என்னிடம் இருக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அதுவும் நல்லதற்குத்தானே என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. தங்கை படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதற்குத்தான் என்று வார்டன் அம்மாவும் நினைத்துக்கொண்டுதான் பூட்டியிருப்பார்.

பாட்டுக்காரி என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் ஆயிற்று எனக்கு. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, மேனேஜர் சொன்னதையும் நான் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

"அப்ப யாருக்காவது ஒண்ணுன்னா மாட்டிக்கப் போறது நீங்கதானா?" என்றாள் பேக்கிங் அக்கா.

"ஆமா."

"சாவி இல்லாமலே?"

"அதுதான் முடிவுன்னா அப்படித்தான்."

பேக்கிங் அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்புறம், "வலிச்சவ வச்சிருக்கட்டும்" என்று என் தங்கையைக் காட்டினாள். இந்த முறை தாளும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. கையைத் தூக்கச் சொன்னார்கள். கைகள் எழும்பின. நான் கடைசியாகத் தூக்கினேன். அவள் எங்கே வைத்துத் தொலைப்பாளோ, யாருக்குத் திறந்து விடுவாளோ என்ற பயம் கையைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

தங்கை சாவியை வாங்கினாள். பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளினாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"சும்மா."

"சும்மான்னா?"

"தெருக்கோடி வரைக்கும்."

"இரு, நானும் வரேன்."

"வேணாம்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வலித்தது.

அவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வெளியே இறங்கினாள். வயிற்றுத் தையல் இழுக்கும் போலிருக்கிறது, இடது கையால் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் கடை தாண்டினாள், மருந்துக் கடை தாண்டினாள், தெரு முனையில் திரும்பினாள். அப்புறம் தெரியவில்லை. மற்றவர்கள் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள், நாலைந்து பேர் அவள் போன வழியிலேயே வெளியே போனார்கள். எனக்கு அவளைக் கத்திக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. என் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். சாவி எனக்குக் கை எட்டுகிற தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.